மழைக்கும் கிணற்றுக்கும் நடுவே

நேயர்களுக்கு வணக்கம். ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழை பெய்ததும் நம் சீமையில் எல்லோரும் போய்க் கிணற்றை எட்டிப் பார்ப்போம். "இவ்வளவு பெய்தும் ஒரு படிகூட ஏறவில்லையே" என்று சலித்துக்கொள்வோம். பெய்தது எங்கே போயிற்று?

தரைக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் நடுவில் இருக்கும் மண் தன் பங்கை முதலில் எடுத்துக்கொண்டது. பாடப்புத்தகத்தில் இதற்கு நிறைவுறா மண்டலம் என்று பெயர். மண் துகள்களின் இடுக்குகளில் கொஞ்சம் நீரும் கொஞ்சம் காற்றுமாக இருக்கும் பகுதி இது. துவைத்துக் கொடியில் போட்ட துண்டு, சொட்டுவது நின்ற பிறகும் ஈரமாகத்தானே இருக்கிறது? அப்படி மண் பிடித்துவைத்திருக்கும் நீர் கிணற்றுக்கு வராது. வேருக்கு வரும்.

கிணறு வெட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மண் கையில் ஒட்டும் அளவுக்கு ஈரமாக இருக்கும், ஆனால் ஒரு சொட்டுக் கசியாது. துகள்கள் நீரை இழுத்துப் பிடித்திருக்கும்போது அது வெட்டவெளியான குழிக்குள் வந்து விழாது. இடுக்குகள் எல்லாம் நிரம்பிய ஆழத்தை எட்டினால்தான் ஊற்று. மறுபடியும் சொல்கிறேன்: ஈரம் வேறு, ஊற்று வேறு.

கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலைப் பாருங்கள். மழை நின்று வாரக்கணக்கில் ஆன பிறகும் மானாவாரிப் பருத்தி பச்சையாக நிற்கிறது. அது குடிப்பது இந்த அடுக்கின் சேமிப்பைத்தான். கோடையில் அதே கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும். முதல் மழை வெடிப்பு வழியே ஆழத்துக்கு ஓடிவிடும். பிறகு மண் ஊதி வெடிப்பு மூடிக்கொள்ளும். அதற்குமேல் நீர் இறங்குவது ஆமை வேகம்தான். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி இதற்கு நேர் எதிர். அந்தச் செம்மணலில் பெய்த மழை ஓட நேரமில்லாமல் உள்ளே போய்விடும்.

திசையன்விளை என்றதும் ஆயன்குளத்துக் கிணற்றைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை சலித்துவிட்டது, நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். 2021 வடகிழக்குப் பருவமழையில் பெருகி வந்த வெள்ளத்தை ஒரு தோட்டக் கிணற்றுக்குள் திருப்பிவிட்டார்கள். நாள்கணக்கில் ஆறுபோலக் கொட்டியும் கிணறு நிரம்பவில்லை. அதிசயக் கிணறு என்று பெயராயிற்று, வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். கீழே சுண்ணாம்புப் பாறை. காலங்காலமாக மழைநீர் கரைத்துக் குடைந்த பாதைகள் அதற்குள் இருக்கின்றன, நீர் அவற்றின் வழியே பரவுகிறது என்றார்கள்.

எனக்கும் அது அதிசயம்தான். ஆனால் அதைப் பார்த்துவிட்டு, வெள்ளத்தை நேரே ஆழ்துளைக் குழாய்க்குள் இறக்கினால் என்ன என்று ஊருக்கு ஊர் கேட்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. நம் ஊர்களில் பெரும்பாலும் அடியில் இருப்பது கடினப் பாறை. அந்தக் குகைப் பாதை எல்லோருக்கும் வாய்க்காது. தவிர, தெருவில் ஓடிவரும் நீரில் சாணமும் சாக்கடையும் கலந்திருக்கிறது. மண் வழியே மெல்ல இறங்கினால் துகள்கள் கிருமிகளை வடிகட்டும். காற்று இருப்பதால் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடும். குழாயில் ஊற்றினால் இந்தக் காவலைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

மண்ணுக்கும் ஒரு வேகம் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. எந்த மண் அதைக் குடிக்கும்? பெய்யும் மழை கொஞ்சமாவது தங்கி இறங்கக் கோடை உழவும் வரப்பும் வேண்டும், முற்றம் முழுக்கச் சிமென்ட் பூசாமலும் இருக்க வேண்டும்.

கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். உரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். ஒரு வரி மட்டும்: யூரியாவிலிருந்து வரும் நைட்ரேட்டை மண் பிடித்துவைக்காது, மிஞ்சியது மழையோடு கிணற்றுக்குப் போகும். செப்டிக் குழி தோண்டுகிறவர்கள் சித்திரையில் கிணறு கிடக்கும் ஆழத்தை நம்பித் தோண்டாதீர்கள். கார்த்திகையில் நீர் எதுவரை ஏறுகிறது என்று பார்த்து, அதற்கு நன்றாக மேலேயே குழியை நிறுத்திக்கொள்ளுங்கள். வணக்கம்.