பாயை எத்தனை அடி உயரத்தில் மாட்டினால் கலை?

நடுவர் அவர்களே, வணக்கம். 'பயன்படும் பொருள் கலையாகுமா, ஆகாதா?' என்பது தலைப்பு. ஆகாது என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். எதற்கும் உதவாமல் அழகுக்கென்றே இருப்பது கலையாம். உதவிவிட்டால் அது வெறும் கைத்தொழிலாம். சாட்சிக்கு அமெரிக்க நீதிமன்றத்தையே அழைத்து வந்தார்.

நல்ல வழக்குதான், நானும் ரசித்தேன். ருமேனியாவில் பிறந்த சிற்பி பிரான்குசி செய்த 'விண்ணில் பறவை' என்ற வெண்கலச் சிற்பம் 1926-ல் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியது. இறக்கையும் இல்லை, அலகும் இல்லை. சிற்பமென்றால் வரி கிடையாது. ஆனால் சுங்க அதிகாரிகள் அதைச் சமையலறை, மருத்துவமனைச் சாமான்களோடு சேர்த்து 40 சதவீத வரி போட்டுவிட்டார்கள். 1928-ல்தான் அது கலை என்று தீர்ப்பு வந்தது. அழகுக்காக மட்டுமே செய்யப்பட்டது என்று நீதிமன்றம் சொன்னதை எதிரணி பிடித்துக்கொண்டது.

ஐயா, பயன்பாட்டுப் பொருளைச் சிற்பமாகக் கருதக்கூடாது என்று அந்தச் சுங்கச் சட்டத்திலேயே எழுதியிருந்தது! நீதிபதிகள் வேறு எப்படிச் சொல்வார்கள்? வரி வசூலிக்க அந்த வரையறை போதும். அதே மேசையில் நம் சோழர் காலத்து நடராசரை வைத்துப் பாருங்கள்.

மூலவர் கருவறையை விட்டு நகர மாட்டார். வீதிக்கு வந்து எல்லோருக்கும் காட்சி தரத்தான் செப்புத் திருமேனி வார்த்தார்கள். பல திருமேனிகளின் பீடத்தில் துளையும் வளையமும் இருக்கும், தண்டு கோத்துத் தூக்குவதற்கு. சுமப்பவர் தோளை நினைத்துச் செய்த பொருள் அது. எதிரணிக் கணக்குப்படி சாமான்!

அருங்காட்சியகத்துக்குப் போனதும் கலையாகிவிடுமே என்பார்கள். சரி, அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் திருடப்பட்டார். 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் விலைக்கு வாங்கியது, 2014-ல் திருப்பித் தந்தார்கள். கோயிலில் இருந்தவரை சாமான், கண்ணாடிக் கூண்டுக்குள் கலை என்றால், அதைக் கலையாக்கியது யார்? வார்த்த ஸ்தபதியா, தூக்கிப் போன திருடனா?

அப்படியானால் பயன்படுவதெல்லாம் கலையா என்று மடக்குவார்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் குடத்துக்கு யாரும் பொன்னாடை போர்த்த வேண்டாம். வேலைக்கு இவ்வளவு போதும் என்ற இடம் தாண்டியும் ஒரு கை நிற்காமல் போகிறதே, அங்கேதான் எனக்குக் கலை தெரிகிறது. படுக்க முரட்டுக் கோரைப்பாய் போதும். பத்தமடையில் அதோடு விட்டார்களா? தாமிரபரணித் தண்ணீரில் கோரையை நாட்கணக்கில் ஊறவைத்து, மெல்லிசாகக் கிழித்து, துணி மாதிரி மடிகிற பட்டுப்பாய் நெய்தார்கள். கல்யாணமென்றால் மணமக்கள் பெயரையும் அதிலேயே நெய்து கொடுக்கிறார்கள். பெயர் இல்லாவிட்டால் தூக்கம் வராதா என்ன? விலை கேட்டு 'ஒரு பாய்க்கு இவ்வளவா' என்பவர்கள் தறிப்பக்கம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே கேள்வி. அந்தப் பாயைச் சுவரில் மாட்டினால் கலை, விரித்து உட்கார்ந்தால் கைத்தொழில் என்றால், தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் அது மாறுகிறது? அதைச் சொல்லிவிட்டு அவர் தன் உரையைத் தொடங்கட்டும், நடுவர் அவர்களே.