நாகையிலிருந்து லெய்டன்: முதுகலை தொடங்கும் முன் கொஞ்சம் பேச்சு

வணக்கம் மக்களே. மாடியில் உட்கார்ந்து பேசுகிறேன், கீழே வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருக்கிறது. காற்றுச் சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாகையில் மொட்டை மாடிக்கு வந்துவிட்டுக் காற்று வேண்டாம் என்றால் நடக்குமா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வரும் செப்டம்பரில் நெதர்லாந்தில் இருக்கும் லெய்டன் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு சேருகிறேன். காலனிய வரலாறும் உலக வரலாறும் சேர்ந்த பிரிவு, ஒரு வருடப் படிப்பு. விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாச்சு. கல்விக் கடன் கேட்கப் போன இடத்தில் "ஹிஸ்டரி படிக்கவா வெளிநாடு?" என்று கேட்டார்கள். அந்தக் கதை இன்றைக்கு வேண்டாம். சித்தப்பா மட்டும் இன்னும் பார்க்கிறவர்களிடம் எல்லாம் "எங்க பொண்ணு ஹாலந்துல கம்ப்யூட்டர் படிக்கப் போகுது" என்றுதான் சொல்கிறார். திருத்திப் பார்த்தேன், முடியவில்லை, விட்டுவிட்டேன்.

ஏன் லெய்டன் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். அந்தப் பல்கலைக்கழகம் பிறந்த கதையே ஒரு படம் எடுக்கலாம். 1574இல் ஸ்பெயின் படை லெய்டன் ஊரை முற்றுகையிட்டிருந்தது. உள்ளே பசியிலும் கொள்ளைநோயிலும் ஆயிரக்கணக்கானவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் டச்சுக்காரர்கள் தாங்களே கரைகளை வெட்டி, வயல்வெளியெல்லாம் தண்ணீரை விட்டு, அந்தத் தண்ணீரில் படகுகளைக் கொண்டுவந்து அக்டோபர் 3ஆம் தேதி ஊரை மீட்டார்கள். தாக்குப்பிடித்த ஊருக்குப் பரிசாக, டச்சுக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய ஆரஞ்சு இளவரசர் வில்லியம் கொடுத்ததுதான் பல்கலைக்கழகம். 1575 பிப்ரவரி 8ஆம் தேதி தொடங்கினார்கள். இதில் எனக்குப் பிடித்த கூத்து ஒன்று உண்டு. ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப்பை எதிர்த்துத்தான் அத்தனை சண்டையும். ஆனால் பல்கலைக்கழகத்தை நிறுவிய பட்டயம் யார் பெயரில் எழுதப்பட்டது தெரியுமா? அதே இரண்டாம் பிலிப் பெயரில்! சட்டப்படி அப்போதும் டச்சுக்காரர்களுக்கும் ராஜா அவர்தானே. சண்டை போடுகிறவனின் பெயரிலேயே கையெழுத்து வாங்கிய மாதிரி காகிதம் தயார் செய்துவிட்டார்கள். கில்லாடிகள்.

பழைய பல்கலைக்கழகம் என்றால் பெரிய மதில், உள்ளே மாளிகை என்று நினைத்துவிடாதீர்கள். லெய்டனில் அப்படி ஒரு வளாகமே கிடையாது. துறைகள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. நடுநாயகமாக இருப்பது ராப்பன்பர்க் என்ற கால்வாய்க் கரையில் உள்ள அகாடமிக் கட்டடம். ஒரு காலத்தில் கன்னிமாடத்தின் தேவாலயமாக இருந்தது அது. அதன் பின்னால் 1590இல் தொடங்கிய தாவரவியல் தோட்டம் இருக்கிறது. ஐரோப்பாவின் தொடக்ககால ட்யூலிப்கள் சில அங்கேதான் பூத்தன.

அந்தக் கட்டடத்துக்குள் ஒரு சின்ன அறை. பெயர் வியர்வை அறை. தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காக மாணவர்கள் காத்திருந்த இடம். சுவர் முழுக்கக் கையெழுத்து. தேறிப் பட்டம் வாங்கியவர்கள் சுவரிலேயே பெயர் எழுதிவிட்டுப் போகலாம். சர்ச்சில், நெல்சன் மண்டேலா கையெழுத்தெல்லாம் அங்கே உண்டு, இருவரும் கௌரவ டாக்டர் பட்டம் வாங்கப் போனவர்கள். இப்போதைய மன்னர் வில்லம் அலெக்சாண்டர் அங்கே படித்தது என்ன என்று நினைக்கிறீர்கள்? வரலாறு. கடன் கேட்கப் போனபோது இது ஞாபகம் வரவில்லை, வந்திருந்தால் சொல்லியிருப்பேன். சுவரில் தமிழில்தான் எழுதுவேன் என்று தோழிகளிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். முதலில் தேற வேண்டும், அது வேறு.

இன்னொன்றையும் நேரில் பார்த்தே ஆக வேண்டும். முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு அங்கே பொதுமக்கள் முன்னால் நடக்கும், யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். பேராசிரியர்கள் கருப்பு அங்கியில் வரிசையாக வந்து அமர்வார்கள். மாணவருக்குத் துணையாகப் பக்கத்தில் இருவர் இருப்பார்கள். சரியாக 45 நிமிடம் கேள்வி. நேரம் முடிந்ததும் கோல் ஏந்திய அலுவலர் உள்ளே வந்து லத்தீனில் "ஹோரா எஸ்ட்" என்பார். நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். மாணவர் எவ்வளவு இக்கட்டான கேள்வியில் மாட்டியிருந்தாலும் வாயை மூடிக்கொள்ளலாம். இந்த அலுவலரை எங்கள் கல்லூரி வைவா தேர்வுகளுக்கு வாடகைக்கு எடுத்திருக்கலாம்.

அப்புறம் கால்மணி நேர வழக்கம். வகுப்பு மணிக்குக் கால்மணி கழித்துத்தான் தொடங்கும், அட்டவணையிலேயே 11:15 என்று இருக்கும். அந்தப் பதினைந்து நிமிடம் பழங்காலத்திலிருந்து வருகிற மரபு. தாமதமாக வருவதற்குச் சலுகை என்று நினைக்காதீர்கள், 11:15 என்றால் 11:15தான். மதிப்பெண் பத்துக்கு. ஐந்தரை எடுத்தால் தேறிவிடலாம், எட்டு வாங்கினால் ஊரைக் கூட்டி மிட்டாய் கொடுக்கலாம், பத்து என்பதை யாரும் எளிதில் பார்ப்பதில்லை. 98, 99 என்று பேசிப் பழகிய நம் வீடுகளில் "ஏழு" என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மாவுக்கு இப்போதே பாடம் எடுத்து வருகிறேன். மொத்தம் 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 28 மணி நேர உழைப்பு. ஆய்வேடு மட்டும் 20 கிரெடிட், அதாவது 560 மணி நேரம்.

அங்கி, கோல், லத்தீன் எல்லாம் பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் லெய்டன் பாரம்பரியம் என்று என்னைக் கேட்டால் 1940 நவம்பர் 26ஆம் தேதியைத்தான் சொல்வேன். நாட்டை நாஜிகள் பிடித்துவிட்ட காலம். யூதர்களாக இருந்த பேராசிரியர்களை வேலையிலிருந்து நீக்கச் சொன்னார்கள். அதில் ஒருவர் சட்டப் பேராசிரியர் மையர்ஸ். அவருடைய வகுப்பு நடக்க வேண்டிய நேரத்தில் அவருடைய பழைய மாணவரும் சட்டத்துறைத் தலைவருமான கிளெவரிங்கா மேடையேறி, ஆசிரியரின் அறிவையும் பெருமையையும் விவரித்து, இந்த நீக்கம் அநியாயம் என்று அமைதியாகப் பேசி முடித்தார். கூச்சல் இல்லை, வசை இல்லை. மாணவர்கள் அந்த உரையைப் படியெடுத்து நாடெங்கும் பரப்பினார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். கிளெவரிங்கா சிறைக்குப் போனார், பல்கலைக்கழகத்தை ஜெர்மானியர்கள் மூடினார்கள். இன்றைக்கும் வருடா வருடம் அவர் பெயரில் உரை நடக்கிறது. முதல் வரிசையில் இடம் பிடிக்கப் பார்ப்பேன்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் முத்திரை வாசகம் "சுதந்திரத்தின் அரண்". 1940இல் அந்த வாசகத்துக்கு நியாயம் செய்தார்கள். ஆனால் நான் நாகப்பட்டினத்துக்காரி. எனக்கு 1659உம் ஞாபகம் வரும்.

இந்த ஊரைப் போர்த்துகீசியர்களிடமிருந்து டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1658இல் பிடித்தது. 1781இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை அவர்கள் கையில்தான் இருந்தது. டச்சுக்காரர் என்றதும் இங்கே எல்லோரும் கேட்பது ஆனைமங்கலச் செப்பேட்டைத்தான். ராஜராஜ சோழன் நாகையில் இருந்த சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்த ஆவணம், 21 ஏடு, சமஸ்கிருதமும் தமிழும். லெய்டன் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றே பெயராகிவிட்டது. அது நம் ஊருக்கு வர வேண்டிய சொத்து, அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் என்னை இழுப்பது செம்பு இல்லை, காகிதம்.

1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியில் பிஜப்பூர்ப் படைகளின் சூறையாட்டம், கூடவே பஞ்சம். சோற்றுக்கு வழியில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களைக் கம்பெனி விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியது. இலங்கைக்கு, பத்தாவியாவுக்கு, மலாக்காவுக்கு. எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர் வரை என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பத்தாவியா என்றால் இன்றைய ஜகார்த்தா. இதைப் பற்றி என் பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. கல்லூரியிலும் யாரும் சொல்லவில்லை. சோழர் கப்பல் போன கடலைப் பற்றி எத்தனை மேடைப்பேச்சு கேட்டிருக்கிறோம்! அதே கடலில் இவர்களும் போனார்கள்.

கம்பெனியின் காகிதங்கள் தி ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. லெய்டனிலிருந்து ரயிலில் கால் மணி நேரம், ஸ்டேஷனை ஒட்டியே கட்டடம். இப்போது குளோபலைஸ் என்ற திட்டத்தில் ஐம்பது லட்சம் பக்கங்கள் அளவுக்குக் கணினியே கையெழுத்தைப் படித்து எழுத்தாக்கி இணையத்தில் தேடும்படி வைத்திருக்கிறார்கள். இருங்கள், லேப்டாப்பைத் திருப்புகிறேன். வெயிலில் தெரிகிறதா? கொஞ்சம் நிழலுக்கு வருகிறேன். இதோ.

இந்தப் பக்கத்தைப் பாருங்கள். மை பழுப்பாகி, பின்பக்க எழுத்து இந்தப் பக்கம் ஊறித் தெரிகிறது. கையெழுத்து முழுக்கச் சுழி. 'யு' (u) எழுத்துக்கு மேலே சின்னதாக ஒரு வளைவு போட்டிருக்கிறார் பாருங்கள். போடாவிட்டால் அது 'யு'வா 'என்'னா (n) என்று தெரியாது. 'இ' (e) எழுத்து திரும்பி நிற்கிறது. இந்த வரியில், இங்கே என் விரல் இருக்கும் இடத்தில், நீளமாக ஒரு சொல். 'நாகபத்னம்'. வேறு பக்கங்களில் 'நெகபத்னம்' என்று வரும். ஒரே ஊரை ஆளுக்கு ஒரு விதமாக எழுதியிருக்கிறார்கள், தேடும்போது எல்லா விதத்தையும் போட்டுப் பார்க்க வேண்டும். டச்சு மொழியை ஆன்லைனில் படித்து வருகிறேன். இந்த எழுத்தில் ஒரு வரி படிக்கவே எனக்கு வெகுநேரம் ஆகிறது. அந்த மனிதர்களுக்குக் கம்பெனிக் காகிதத்தில் பெரும்பாலும் பெயர் கிடையாது, எண்ணிக்கைதான். பெயரோடு ஒருவரையாவது கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் அந்த 560 மணி நேரத்துக்கு நான் வைத்திருக்கும் வேலை. பேராசிரியர் ஒப்புக்கொள்ள வேண்டும், பார்ப்போம்.

சரி, வாழ்க்கைப் பாடு. அங்கே அறை கிடைப்பது சீட்டு கிடைப்பதைவிடக் கஷ்டம். பணம் முன்கூட்டியே கேட்கும் போலி விளம்பரங்கள் ஏராளம், வீட்டை யாராவது நேரில் பார்க்காமல் காசு அனுப்பாதீர்கள். எனக்கு மாணவர் விடுதியில் அறை, பொதுச் சமையலறை. மதியச் சாப்பாடு என்றால் அங்கே ரொட்டியும் சீஸும்தானாம். அதனால் குக்கர் பெட்டியில் ஏறிவிட்டது. சைக்கிள் போய்த்தான் வாங்க வேண்டும், எதிர்க்காற்றில் மிதிக்க நாகைக்காரிக்குச் சொல்லித்தர வேண்டாம்.

முதல் திருவிழா அக்டோபர் 3. முற்றுகை நீங்கிய நாள், ஊரே விடுமுறை. அன்று காலையில் பழைய எடைமண்டபத்தில் ஹெரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் கொடுப்பார்கள், மீட்க வந்த படகுகள் கொண்டுவந்த உணவு என்று கணக்கு. ஹெரிங்கைச் சமைக்க மாட்டார்கள், உப்பில் ஊறியதை அப்படியே வெங்காயத்தோடு சாப்பிடுவார்கள். அக்கரைப்பேட்டையில் விற்கிற அத்தனை மீனும் எனக்கு அத்துப்படி, ஆனால் மசாலா படாத மீனை இதுவரை வாயில் வைத்ததில்லை. கேமராவோடு வரிசையில் நிற்பேன், சாப்பிட முடிந்ததா இல்லையா என்பதை அந்த வீடியோவிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது அம்மா பெட்டியை எடைபோடக் கூப்பிடுகிறார், வடகம் ஒரு பக்கம் மாவடு ஒரு பக்கம் என்று எதை எடுப்பது என்பதில் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. வருகிறேன்.