பம்பரமும் பெல் 47-உம்

நண்பர்களே,

1946 மார்ச் 8. அமெரிக்காவில் ஒரு ஹெலிகாப்டருக்கு, சாதாரண மக்கள் வாங்கி ஓட்டலாம் என்று அரசு சான்றிதழ் கொடுத்தது. அதற்கு முன் எந்த ஹெலிகாப்டருக்கும் அந்தச் சான்றிதழ் கிடைத்ததில்லை. அதுதான் பெல் 47. கண்ணாடிக் குமிழி மாதிரி முன்பக்கம், எலும்புக்கூடு மாதிரி வால். படத்தில் பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும்.

ஆனால் நான் பேச வந்தது அதைச் செய்த ஆர்தர் யங்கைப் பற்றி. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர். 1928-இல் ஹெலிகாப்டர் பக்கம் திரும்பினார். அடுத்த 12 வருடம் என்ன செய்தார் தெரியுமா? பொம்மைகள் செய்தார்! பின்னாளில் அவருடைய பட்டறை, பென்சில்வேனியாவில் பேயோலி என்ற ஊரில் ஒரு பழைய தானியக் கொட்டகை. அதில் சின்னச் சின்ன மாதிரிகளைச் செய்து பறக்கவிடுவார். விழும், உடையும். மறுபடி செய்வார். பெரிய ஹெலிகாப்டர் விழுந்தால் பணமும் போகும், ஆளும் போவான். பொம்மை விழுந்தால் ஒட்டிக்கொள்ளலாம். இந்தப் பொறுமைதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது.

பொம்மைகள் ஏன் விழுந்தன? உடல் கொஞ்சம் சாய்ந்தால் மேலே சுழலும் விசிறியும் கூடவே சாயும். சாய்ந்த பக்கமே இழுக்கும். அப்புறம் ஆட்டம் கூடிக்கூடிக் கவிழ்ந்துவிடும். யங் என்ன செய்தார் என்றால், இரண்டு முனையிலும் எடை வைத்த ஒரு தண்டை, விசிறிக்குக் குறுக்காகக் கீழே பொருத்தினார். வேகமாகச் சுற்றும் பம்பரத்தை ஒரு தட்டில் வைத்து, தட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள், அது தன் நிலையை எளிதில் விடாது. இந்தத் தண்டும் அப்படித்தான். உடல் சாய்ந்தாலும் தண்டு தன் மட்டத்திலேயே சுற்றும். விசிறியின் கோணத்தை அதோடு இணைத்துவிட்டதால், விசிறி உடலை விட்டுத் தண்டின் பேச்சைக் கேட்கும். அவ்வளவுதான் சங்கதி!

1941 செப்டம்பரில் அந்தப் பொம்மையை பஃபலோ நகரில் பெல் என்ற விமான நிறுவனத்தாரிடம் பறக்கவிட்டுக் காட்டினார். வேலை கிடைத்தது. பெரிய ஹெலிகாப்டரைச் செய்தது கார்டன்வில் என்ற ஊரில், ஒரு பழைய கார் விற்பனைக் கடையில். இளமைக் கால நண்பர் பார்ட்ராம் கெல்லி கூட இருந்தார். 1942 கடைசியில் அது தரையை விட்டு எழும்பியது.

சான்றிதழ் வாங்கும் முன்பே அது உயிர் காத்தது. 1945 மார்ச்சில், ஈரி ஏரியின் பனிக்கட்டியில் மாட்டிக்கொண்ட மீனவர்கள் இரண்டு பேரை, பெல்லின் சோதனை விமானி ஃபிளாய்ட் கார்ல்சன் ஒரு சோதனை ஹெலிகாப்டரில் போய்க் கரைக்குக் கொண்டுவந்தார். பிறகு கொரியப் போர். சக்கரத்துக்குப் பதிலாக அடியில் இருக்கும் சறுக்குக்கால்களுக்கு மேலே, வெளியே கட்டிய தூக்குப் படுக்கைகளில் ஏறத்தாழ 18,000 காயம்பட்டவர்களை மருத்துவமனைக்குச் சுமந்தது. பயிருக்கு மருந்து தெளித்தது. இத்தாலியிலும் ஜப்பானிலும் இங்கிலாந்திலும்கூட உரிமம் வாங்கிச் செய்தார்கள். மொத்தம் 5,600-க்கும் மேல்.

1984-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் ஒரு பெல் 47-ஐத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. எப்போதாவது அதைப் பார்க்க வாய்த்தால், எல்லோரும் ரசிக்கும் கண்ணாடிக் குமிழியோடு நிறுத்திவிடாதீர்கள். விசிறிக்குக் கீழே, குறுக்காக, இரண்டு முனையிலும் எடையோடு ஒரு தண்டு இருக்கும். அதைத் தேடிப் பாருங்கள்.