கிட் கட்டளையும் கைச்சுருக்கமும்

வணக்கம் நேயர்களே. மார்த்தாண்டம், தக்கலை பக்கமெல்லாம் வீட்டு மாடியில் உட்கார்ந்தே சென்னை, பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிற பிள்ளைகள் இப்போது நிறைய. இந்தப் பேச்சு அவர்களுக்கு. 'இவன் நாள் முழுக்க அப்படி என்னதான் தட்டுகிறான்?' என்று கேட்கிற அம்மாமாரும் கூட இருந்து கேட்கலாம்.

அவன் தட்டுவதில் ஒரு பங்கு கிட் கட்டளைகள். லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதியது கிட். புரோகிராமில் எந்த வரியை யார், எப்போது மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கும். பழைய நிலைக்குத் திரும்பவும் விடும். என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க 'கிட் ஸ்டேட்டஸ்' தட்ட வேண்டும். டீ குடித்துவிட்டு வந்தால் ஸ்டேட்டஸ், கரன்ட் போய் வந்தால் ஸ்டேட்டஸ். அவசரத்தில் ஓர் எழுத்து இடம் மாறினால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று கிட் கைவிரித்துவிடும்.

இதற்கு கிட்டிலேயே வழி உண்டு. ஏலியாஸ் என்பார்கள், நீளக் கட்டளைக்கு நாமே வைக்கும் சுருக்கப் பெயர். பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், மெதுவாகவே சொல்கிறேன். கிட், இடைவெளி, கான்ஃபிக், இடைவெளி, இரண்டு சின்னக் கோடு ஒட்டி குளோபல், இடைவெளி, ஏலியாஸ் புள்ளி எஸ்டி, இடைவெளி, ஸ்டேட்டஸ். எல்லாம் சின்ன எழுத்து. என்டர் தட்டுங்கள். இனி 'கிட் எஸ்டி' போதும். உங்கள் ஹோம் ஃபோல்டரில் புள்ளி வைத்துத் தொடங்கும் கிட்கான்ஃபிக் கோப்பில் இது பதிவாகியிருக்கும். வேண்டாமென்றால் அந்த வரியை அழித்துவிடலாம்.

எதற்கெல்லாம் வைப்பது? டெர்மினலில், அதாவது கட்டளை தட்டுகிற ஜன்னலில், 'ஹிஸ்டரி' என்று தட்டிப் பாருங்கள்; இதுவரை தட்டியதெல்லாம் வரும். உங்கள் கை அடிக்கடி எதைத் தட்டுகிறதோ அதற்கு மட்டும் வையுங்கள். அடுத்தவர் பட்டியலை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பையன் அப்படித்தான் எங்கிருந்தோ ஒரு நீளப் பட்டியலை இறக்கி வைத்திருந்தான். பாதிக்கு அர்த்தம் கேட்டால் முழிப்பான். அதில் 'பி' என்றால் புஷ், நம் வேலையைப் பொது இடத்துக்கு ஏற்றுவது; 'பிஎஃப்' என்றால் புஷ்ஷோடு ஃபோர்ஸ், அங்கே இருப்பதைத் தள்ளிவிட்டு வலுக்கட்டாயமாக ஏற்றுவது. ஒரு சாயங்காலம், "சார், பி போகல்ல. பிஎஃப் அடிச்சேன், போயிட்டு" என்றான், அவ்வளவு சந்தோஷமாக. போனது, கூட வேலை பார்த்த பெண் அன்று மதியம் ஏற்றி வைத்திருந்த வேலை. அவள் லேப்டாப்பில் பிரதி இருந்ததால் மறுபடி ஏற்ற முடிந்தது. அவள் அவனோடு பேசத்தான் இரண்டு நாள் ஆயிற்று.

அதனால் சொல்கிறேன்: அழிக்கிற கட்டளைக்குச் சுருக்கம் வேண்டாம். புஷ் ஃபோர்ஸ், கிட்டில் இன்னும் பதிவு செய்யாத மாற்றங்களை அழித்துவிடும் ரீசெட் ஹார்ட், இரண்டையும் முழுசாகவே தட்டுங்கள். தட்டி முடிப்பதற்குள் யோசிக்க நேரம் கிடைக்கும். ஃபோர்ஸ் வேண்டியே ஆக வேண்டுமென்றால் 'ஃபோர்ஸ் வித் லீஸ்' இருக்கிறது. நீங்கள் கடைசியாக எடுத்த பிறகு வேறு யாராவது ஏற்றியிருந்தால் மறுத்துவிடும்.

ஆச்சரியக்குறி ஏலியாஸ் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். நேரம் முடிந்தது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஆச்சரியக்குறியில் தொடங்கினால் கிட் அல்லாத கட்டளையையும் ஓட்டலாம், அவ்வளவுதான். மேற்கோள்குறி தொல்லை கொடுக்கும், அதனால் அந்தக் கிட்கான்ஃபிக் கோப்பைத் திறந்தே எழுதுங்கள். வணக்கம்.