படகோட்டி யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலை முடிந்த கையோடு வெள்ளவத்தைக்கு வந்து அமர்ந்திருக்கும் சபையோரே, வணக்கம்.

ஹெர்மன் ஹெஸ்ஸே 1911இல் நம்முடைய கொழும்புக்கும் கண்டிக்கும் வந்து போனவர். அவர் ஜெர்மன் மொழியில் எழுதி 1922இல் வெளிவந்த 'சித்தார்த்தன்' நாவலை வைத்துத்தான் இன்றைய கேள்வி: ஞானத்துக்கு வழி காட்டுவது அனுபவமா, குருவா? நான் குருவின் பக்கம். இந்த நாவலின் சித்தார்த்தன் புத்தர் அல்ல; புத்தர் காலத்தில் ஞானம் தேடி அலைந்த ஒரு பிராமண இளைஞன்.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். புத்தரையே நேரில் கண்டும் சித்தார்த்தன் அவரிடம் சேராமல் விலகிப் போனான், ஆகவே குரு தேவையில்லை என்றார். சரி, விலகியது உண்மை. விலகி எங்கே போனான்? கமலா என்ற கணிகையிடம், வியாபாரத்துக்கு, சூதாட்டத்துக்கு. கடைசியில் எல்லாம் வெறுத்து ஆற்றில் விழுந்து சாகப் பார்த்தான். அனுபவம் தனியே அவனைக் கொண்டுபோய் விட்ட இடம் அது! அந்த நொடியில் அவனை மீட்டது உள்ளே கேட்ட 'ஓம்'. பிராமண வீட்டில் சின்ன வயதிலேயே ஓதிப் பழகிய ஓம்.

அப்புறம்தான் வாசுதேவன் வருகிறான். ஆளை அக்கரைக்கு விடும் படகோட்டி. ஆறுதான் ஆசான் என்கிறார்கள் எதிரணியினர். அந்த ஆறு சித்தார்த்தன் இளைஞனாகக் கடந்து போன அதே ஆறுதானே? அன்று ஏன் அது பேசவில்லை? கேட்கப் பழக்கிவிட ஒருவர் வேண்டியிருந்தது.

சித்தார்த்தனுக்குக் கமலா பெற்ற மகன் ஓடிப்போகும் இடத்தைப் பாருங்கள். படகு அக்கரையில் கிடக்கிறது, துடுப்பைக் காணோம். பின்னால் வராதே என்று பிள்ளை சொல்லாமல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். வாசுதேவனுக்கு அது உடனே புரிகிறது, தகப்பன் மனம் அதை ஏற்கவில்லை. வாசுதேவன் உபதேசம் எதுவும் செய்யவில்லை. உட்கார்ந்து புதுத் துடுப்பு ஒன்றைச் செய்கிறான். தகப்பன் மகனைத் தேடிப் போய், கமலாவின் தோட்ட வாசலில் சோர்ந்து இருந்தபோது, அவனைத் தேடி வந்து தோளைத் தொடுகிறான். எனக்கு அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் தொண்டை அடைத்துவிடும்.

குரு என்றால் மேடையும் மாலையும் என்று நம்மவர்கள் நினைக்கக்கூடாது. யாழ்ப்பாணத்து நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமி என்ற சித்தர் எப்படி இருந்தார்? ஊர் அவரை விசரர் என்றது. 'நீ யாரடா' என்ற அவருடைய அதட்டலைத்தான் அவருடைய சீடர் யோகர் சுவாமிகள் தம் வாழ்நாள் முழுக்கக் கொண்டாடினார். வாசுதேவனும் அந்த வகைதான். சித்தார்த்தன் ஆற்றை முழுமையாகக் கேட்ட அன்று, தன் வேலை முடிந்தது என்று அவன் காட்டுக்குள் போய்விட்டான்.

இன்னும் ஒன்று, நடுவர் அவர்களே. கடைசிப் பக்கங்களில் சித்தார்த்தனின் பால்ய நண்பன் கோவிந்தன் வருகிறான். கிழவனாகிவிட்டான். புத்தரின் சங்கத்தில் அத்தனை காலம் இருந்தும் மனம் அமைதிப்படவில்லை. அவன் ஆற்றைப் பார்த்து நிற்கவில்லை. சித்தார்த்தனின் நெற்றியில் முத்தமிடுகிறான். அங்கேதான் அவனுக்குத் திறக்கிறது. அந்த நெற்றி யாருடையது என்பதற்கு எதிரணியினர் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.