லொங்காங் ஓரமா பல் தேய்ச்ச காலம்

வணக்கம் நேயர்களே. ஸ்கூல்ல டீச்சர் முன்னாடி பல் தேய்ச்சவங்க யாராச்சும் இதைக் கேட்டுட்டு இருந்தா தலைப்பைக் கேட்டதுமே சிரிச்சிருப்பீங்க. நான் சிங்கப்பூர்ல பிரைமரி படிச்சது 80கள்ல. ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் மக்கும் பிரஷும் எடுத்துக்கிட்டு லொங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய், ஓரமா வரிசையா குந்தணும், டீச்சர் மேல், கீழ், உள்பக்கம்னு சொல்லச் சொல்ல மொத்த கிளாஸும் தேய்க்கும், பக்கத்துல இருக்கறவன் வேணும்னே எட்டித் துப்பிக் காட்டுவான், அது நம்ம வெள்ளை ஷூல தெறிக்கும், அப்புறம் அதுக்கு ஒரு சண்டை.

பல் நல்லா இருந்ததுக்கு அது மட்டும்தான் காரணம்னு நான் சொல்லல. 1950கள்லயே நம்ம ஊரு குழாய்த்தண்ணியில ஃப்ளோரைடு கலக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஸ்கூல் பல் கிளினிக் வேற, நர்ஸ் பேரைக் கூப்பிட்டாலே வயித்தைக் கலக்கும். ஆனா பழக்கம்னு ஒன்னு ஒட்டுச்சு பாருங்க, அது எல்லாரும் ஒன்னா குந்தினதால ஒட்டுச்சுன்னுதான் எனக்குத் தோணுது. கெட்டிக்காரன், மக்கு, பணக்காரன், எல்லார் வாயிலயும் ஒரே நுரை.

டிவில அப்ப எஸ்பிசி, அதான் சிங்கப்பூர் ஒளிபரப்புக் கழகம். தமிழ் நிகழ்ச்சிக்கு கிடைச்ச நேரமே கொஞ்சம், அதனால வர்றதையெல்லாம் பார்ப்போம், நடுவுல வர்ற பிரச்சார விளம்பரத்தையும் சேர்த்துதான். 1982ல வந்த சிங்கா, பண்பு இயக்கத்தோட சின்னமான கார்ட்டூன் சிங்கம், மரியாதையா பேசச் சொல்லும், நாங்க அதைப் பார்த்துக்கிட்டே தலையணைக்கு அடிச்சுக்குவோம். 1993ல கிரேட் சிங்கப்பூர் வொர்க்அவுட்னு எல்லாரும் சேர்ந்து செய்யற உடற்பயிற்சி வந்துச்சு, அப்போதைய பிரதமர் கோ சோக் தோங்கே பாடாங் திடல்ல ஜனங்களோட நின்னு கையைக் காலை ஆட்டினாரு. எங்கம்மா புடவையை இடுப்புல செருகிக்கிட்டு டிவி முன்னாடி கொஞ்ச நாள் பண்ணாங்க, அப்புறம் முட்டி வலின்னு விட்டுட்டாங்க.

ஆனா டாஃப் வேற கதை. டிரிம் அண்ட் ஃபிட்னு ஸ்கூல் பிள்ளைங்க எடையைக் குறைக்கற திட்டம், 1992ல ஆரம்பிச்சாங்க. எடை கூடின பிள்ளைங்களை மட்டும் தனியா பிரிச்சு எக்ஸ்ட்ரா உடற்பயிற்சி. நாங்க கேன்டீன்ல மீ கோரேங், அதான் வறுத்த நூடுல்ஸ், சாப்பிட்டுக்கிட்டு இருப்போம், என் கூட்டாளி கிரவுண்டைச் சுத்தி ஓடிக்கிட்டு இருப்பா, மத்தவங்க வேடிக்கை பார்ப்பாங்க. கணக்கு நல்லாத்தான் இருந்துச்சு, 1992ல 14 சதவீதமா இருந்த குண்டுப் பிள்ளைங்க 2006ல 9.5 சதவீதம். ஆனா அந்தக் கணக்குல அவ அழுதது எங்க வருது? 2007ல அதை எடுத்துட்டாங்க, நல்ல வேளை. அவ இன்னிக்கு வரைக்கும் ஓட்டம்னாலே ஆளை விடுங்கம்பா, அதே ஆளு பல் மட்டும் ராத்திரியும் விடாம தேய்ப்பா.

இப்ப என் மக ஸ்கூல் கேன்டீன்ல யாரு சாப்பாடு வாங்குனாலும் தட்டுல காயும் பழமும் வருது, ஒல்லியோ குண்டோ எல்லாருக்கும் அதே தட்டுதான். அவ காயை மட்டும் ஓரமா ஒதுக்கிடுறா, அந்தப் பஞ்சாயத்து எங்க வீட்டுல தனியா ஓடிக்கிட்டு இருக்கு.