ஒரு மேசை, ரெண்டு நாற்காலி: சின்ன குழுக்கள் மேடையேத்த நாலு நாடகங்கள்

வணக்கம் நண்பர்களே. இந்த வீடியோ நாடகக் குழு வெச்சிருக்கிறவங்களுக்கு. அறுபது எழுபது பேர் உக்கார்ற ஹால், கையில மூணு நாலு நடிகர்கள், செட்டுக்குன்னு தனியா பணம் கிடையாது, இந்த நிலைமையில அடுத்து என்ன பண்ணலாம்னு யோசிக்கிறவங்களுக்குத்தான் பேசுறேன். நாலு நாடகம் சொல்லப்போறேன். மூணு 2013-லேர்ந்து இந்தப் பக்கம் வந்தது. ஒண்ணு ரொம்பப் பழசு. அது ஏன் இந்த வரிசையில இருக்குன்னு அங்க வரும்போது சொல்றேன்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். பெரிய தனிநபர் நாடகத்தை எடுத்து, அதுல அழுகை வர்ற இருபது நிமிஷத்தை மட்டும் வெட்டி மேடையேத்துற பழக்கம் நிறைய இடத்துல இருக்கு. அதைத் தயவுசெஞ்சு பண்ணாதீங்க. 'ப்ரைமா ஃபேஸி'ன்னு 2019-ல சிட்னியில வந்த நாடகத்தையே எடுத்துக்கோங்க. ஒரே நடிகை, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஓடும். அவ ஒரு வக்கீல். முதல் பாதியில, பாலியல் வன்முறையில பாதிக்கப்பட்ட பொண்ணுங்களைக் குறுக்கு விசாரணையில மடக்குறதை ரசிச்சு ரசிச்சு சொல்லுவா. பின்னாடி அவளே பாதிக்கப்பட்டு அதே கூண்டுல ஏறி நிப்பா. நாம முதல் பாதியில அவளோட சேர்ந்து ரசிச்சிருந்தாதான் ரெண்டாம் பாதி நம்மளைச் சுடும். வெட்டினா வெறும் அழுகைதான் மிஞ்சும். அதோட, உரிமம் குடுக்கிறவங்க கேக்காம ஒரு வரியக்கூட எடுக்கக்கூடாதுன்னுதான் பொதுவா எழுதி வாங்குவாங்க. அதனால சின்னதாவே எழுதப்பட்டதைத் தேடுங்க.

முதல் நாடகம், பிரிட்டிஷ் நாடக ஆசிரியை கேரில் சர்ச்சில் எழுதின 'கில்'. லண்டன் ராயல் கோர்ட் தியேட்டர்ல 2019-ல நாலு சின்ன நாடகங்களைச் சேர்த்துப் போட்டாங்க, அதுல ஒண்ணு. கால் மணி நேரத்துக்குள்ள முடியும். மேகத்து மேல உக்காந்துக்கிட்டு கிரேக்கக் கடவுள்கள் பேசுறாங்க. ஒரு குடும்பத்துக்குள்ள அப்பன் மகளைக் கொல்றது, மனைவி புருஷனைக் கொல்றது, மகன் தாயைக் கொல்றதுன்னு நிக்காம ஓடுது. நடுநடுவுல 'நாங்க இல்லவே இல்லை, மனுஷங்கதான் எங்களை உண்டாக்கினாங்க'ன்னு கடவுள்களே சொல்றாங்க. பாரதக் கூத்தும் படுகளமும் பார்த்து வளர்ந்த நம்ம ஊர் ஆட்களுக்குப் பழிக்குப் பழி வர்ற கணக்கைத் தனியா விளக்க வேண்டியதில்லை. அதனாலதான் இதை முதல்ல வெச்சேன்.

இதுல சிக்கல் மூச்சு. பேச்சு ஒரே பாளமா வரும், நிறுத்த இடமே தெரியாது. நடிகர் மனப்பாடம் பண்றதுக்கு முன்னாடி ஒரு சார்ட் பேப்பர்ல யார் யாரைக் கொன்னாங்க, எதுக்குக் கொன்னாங்கன்னு அம்புக்குறி போட்டு எழுதணும். அந்த வரைபடம் மண்டையில ஏறினா வசனம் மறந்தாலும் வழி தப்பாது. அப்புறம் மூச்சு எடுக்கிற இடத்துல எல்லாம் பென்சிலால ஒரு கோடு. படிக்கும்போது கடைசிப் பத்தியிலேர்ந்து பின்னோக்கிப் படிங்க. தினமும் முதல் வரியிலேர்ந்தே ஆரம்பிச்சா ஆரம்பம் தண்ணியா ஓடும், கடைசி மூணு நிமிஷம் மேடையில தடுமாறும்.

மேகத்துக்கு ஏணி எல்லாம் வேண்டாம். நாலடி உயரத்துல உறுதியான பிளாட்ஃபார்ம், முன்னாடி கறுப்புத் துணி, லைட்டைப் பக்கவாட்டுல வைங்க. நேர் முன்னாடியிலேர்ந்து அடிச்சா துணி தெரியும், மேகம் போயிடும். கால் தொங்கினபடியே கால் மணி நேரம் உக்காந்தா மரத்துப்போகும், எந்திரிக்கும்போது தடுக்கும். துணிக்குப் பின்னாடி கால் ஊன ஒரு பலகை அடிச்சு வைங்க.

ரெண்டாவதும் சர்ச்சிலோடதுதான். 'வாட் இஃப் இஃப் ஒன்லி', 2021, அதே ராயல் கோர்ட், சுமார் 20 நிமிஷம். தன் துணை தற்கொலை பண்ணிக்கிட்ட துக்கத்துல ஒருத்தர் தனியா உக்காந்து, செத்துப்போனவங்களோட பேசிக்கிட்டிருக்கார். அவர் எதிர்ல ஒரு உருவம் வருது. அது செத்தவங்களோட ஆவி இல்ல. நடக்காமலே செத்துப்போன ஒரு எதிர்காலம். 'என்னை நடக்க வை'ன்னு கெஞ்சுது. அப்புறம் நிகழ்காலம் வருது, கடைசியா குழந்தை வடிவத்துல ஒரு எதிர்காலம். மூணு நடிகர் போதும், வர்ற பெரிய உருவங்களை ஒருத்தரே பண்ணலாம். மூணாவது ஒரு குழந்தை. குழந்தைக்கு வசனம் கொஞ்சம்தான், ஆனா ஷோ ராத்திரி. அந்த வேஷத்துக்கு ரெண்டு குழந்தைகளைத் தயார் பண்ணி, ஷோவுக்கு ஒருத்தர்னு மாத்தி விடுங்க.

இதை மொழிபெயர்க்கிறவங்க இந்த இடத்தை நல்லா கவனிக்கணும். மூலத்துல வாக்கியம் பாதியிலேயே அறுந்து அறுந்து போகும். இங்கிலீஷ்ல பாதி வாக்கியத்துலயே காலம் தெரிஞ்சுடும். தமிழ்ல வினை கடைசியில நிக்குது. அதே இடத்துல அறுத்தா காலம் போயிடும், இது நடந்ததா நடக்கப்போறதான்னு கேக்குறவங்களுக்குத் தெரியாது. நாடகமே காலத்தைப் பத்தினதுங்கறப்போ அது நஷ்டம். ஆனா நம்மகிட்ட வேற ஒண்ணு இருக்கு. 'நீ இருந்தா'ன்னு சொல்லிப் பாருங்க, 'நீ இருந்திருந்தா'ன்னு சொல்லிப் பாருங்க. முதல்ல கதவு இன்னும் திறந்திருக்கு, ரெண்டாவதுல மூடியாச்சு. துக்கத்துல இருக்கிறவர் ஆரம்பத்துல 'இருந்தா'ன்னே பேசட்டும். 'இருந்திருந்தா'ங்கற சொல் அவர் வாயிலேர்ந்து முதல் தடவை எங்க வரணும்னு டைரக்டரும் மொழிபெயர்ப்பாளரும் உக்காந்து முடிவு பண்ணுங்க. எழுதும்போது வாக்கியத்தை வினைக்கு முன்னாடி அறுக்காம, வினையை முன்னாடி தள்ளிட்டு மீதியை அறுங்க. பேச்சுத் தமிழ்ல அது இயல்பாவே வரும். 'போயிருப்போம்ல, அந்த...' இந்த மாதிரி.

மூணாவது, அந்தப் பழசு. ஸ்வீடன் நாடக ஆசிரியர் ஸ்ட்ரிண்ட்பர்க் 1889-ல எழுதின 'தி ஸ்ட்ராங்கர்'. ரெண்டு நடிகைகள், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒரு காபிக் கடை. ஒருத்தி பேசிக்கிட்டே இருப்பா, இன்னொருத்தி கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டா. கால் மணி நேரம். ஆசிரியர் 1912-லயே இறந்துட்டார், இந்தியச் சட்டப்படி இறந்து 60 வருஷம் தாண்டினா உரிமை முடிஞ்சது. அதனால புது நாடகங்களுக்கு அனுமதி வர்ற வரைக்கும் காத்திருக்காம இதோட ஒத்திகையை ஆரம்பிச்சுடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. நீங்க எந்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை வெச்சுத் தமிழாக்குறீங்களோ, அந்த மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை இருக்கும். பழைய மொழிபெயர்ப்பா பார்த்து எடுங்க.

பேசாத வேஷம்தானேன்னு புதுசா வந்த பொண்ணுகிட்ட அதைக் குடுத்துடுவாங்க. அங்கதான் நாடகம் விழுது. உங்க குழுவுல அனுபவம் அதிகமான நடிகைக்கு அந்த வேஷத்தைக் குடுங்க. பேசுறவ ஒவ்வொரு வரியையும் எதிர்ல இருக்கிற முகத்தைப் பார்த்துத்தான் மாத்துறா. முகம் ஒண்ணும் குடுக்கலன்னா அவ சுவத்தோட பேசுற மாதிரி ஆகிடும். இன்னொரு இடம்: புருஷனுக்காக தானே பூவேலை பண்ணின செருப்பைப் பையிலேர்ந்து எடுத்து, அதுக்குள்ள கையை விட்டு, மேசை மேல நடக்க வெச்சு, அவன் வீட்டுக்குள்ள எப்படி நடப்பான்னு காட்டுவா. இதுக்கு மெத்து மெத்துன்னு இருக்கிற துணிச் செருப்பு வேணும். ரப்பர் செருப்புல கை நுழையாது, ஒத்திகையில கைக்குட்டையை வெச்சுப் பழகிட்டு ஷோ அன்னைக்குச் செருப்பை எடுத்தா அளவு தப்பிப்போகும். முதல் நாள்லேர்ந்தே அந்தச் செருப்போடயே பழகுங்க.

தமிழ்ல 'நீங்க'வும் 'நீ'யும் இந்த நாடகத்துக்குக் கிடைச்ச வரம். ஆரம்பத்துல தோழின்னு மரியாதையா 'நீங்க' போடட்டும். தன் புருஷனுக்கும் எதிர்ல இருக்கிறவளுக்கும் தொடர்பு இருந்ததுங்கற சந்தேகம் உறுதியாகுற அந்த ஒரு நொடியில 'நீ'ன்னு இறங்கட்டும். ஒரு தடவைதான் இறங்கணும். அப்புறம் மாறி மாறிப் பேசினா அது எழுத்துப் பிழை மாதிரி கேக்கும்.

நாலாவது, டங்கன் மக்மில்லனோட 'எவ்ரி பிரில்லியன்ட் திங்', 2013. இது மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடும், அதனால தனி நாள்ல போடுங்க. அம்மா தற்கொலைக்கு முயற்சி பண்ணினப்போ, ஏழு வயசுக் குழந்தை 'வாழ்றதுக்கு என்னெல்லாம் நல்லது இருக்கு'ன்னு பட்டியல் போட ஆரம்பிக்குது. முதல் நம்பர் ஐஸ்கிரீம். நடிகர் ஒரே ஆள், ஆணும் பண்ணலாம், பொண்ணும் பண்ணலாம். பார்வையாளர்கள்கிட்ட நம்பர் போட்ட சீட்டுகளைக் குடுத்து வெச்சு, நம்பரைக் கூப்பிட்டா அவங்க படிக்கணும். ஹால் லைட்டு கடைசி வரைக்கும் எரியும். மேடை லைட்டே இல்லாத ஊர்ப் பள்ளிக்கூட ஹால்லயும் போடலாம்.

சீட்டுதான் இங்க உயிர். இதோ, கேமராவுக்குக் கிட்ட காட்டுறேன். தபால் அட்டை அளவுல கெட்டி அட்டை, நம்பர் ஒரு மூலையில பெருசா, எழுத்து அளவு 24 பாயிண்டுக்குக் குறையாம. மெல்லிசு பேப்பர்ல அடிச்சா வேர்வையில நமத்துப்போகும், சின்ன எழுத்துன்னா கண்ணாடி எடுத்துட்டு வராதவங்க திணறுவாங்க. கதவுகிட்ட நின்னு நடிகரே குடுக்கணும், வாலண்டியர் குடுக்கக் கூடாது. குடுக்கும்போது ரெண்டு வார்த்தை பேசினா யாரு குரல் எழும்பும், யாரு கூச்சப்படுறாங்கன்னு தெரிஞ்சுடும். அப்பா மாதிரி சில வேஷங்களுக்கும் பார்வையாளர்களையேதான் கூப்பிடணும். அப்பா வேஷத்துக்குக் கூப்பிடப்போறவரைக் கூட்டாளிகளோட வந்த கும்பல்லேர்ந்து எடுக்காதீங்க. அவர் நாடகத்துக்காகப் பேச மாட்டார், கூட்டாளிகளுக்காகப் பேசுவார். முழுப் பட்டியலோட ஒரு பிரதி நடிகர் பையில இருக்கட்டும், சீட்டு வாங்கினவர் பாதியில எந்திரிச்சுப் போறது நடக்கும்.

முதல் மூணையும் ஒரே சாயங்காலத்துல போட்டா மொத்தம் ஒரு மணி நேரம்கூட வராது. இந்த மாதிரி நிகழ்ச்சி கெட்டுப்போறது நாடகத்துக்கு நடுவுல வர்ற இருட்டுலதான். ஒவ்வொரு இடைவெளியிலயும் மூணு நிமிஷம் மேசை இழுத்தா, ஜனங்க போனை எடுத்துடுவாங்க. சர்ச்சிலோட சின்ன நாடகங்களை 2025-ல நியூயார்க் பப்ளிக் தியேட்டர்ல போட்டப்போ, திரைக்கு முன்னாடி ஜக்லிங் வித்தைக்காரரையும் கழைக்கூத்து மாதிரி வித்தை காட்டுறவரையும் இறக்கினாங்க. நாம ஒரு பறையோ உடுக்கையோ வெச்சு 40 நொடி வாசிக்கலாம். மூணுக்கும் பொதுவா ஒரு மேசை, ரெண்டு நாற்காலி மட்டும். பொது வெளிச்சத்துக்கு நாலு பார் லைட்டு (சாதாரண மேடை விளக்கு), ஒவ்வொரு நாடகத்துக்கும் தனியா ஒண்ணு. நாற்காலி வர்ற இடத்துல தரையில ரேடியம் டேப், நாடகத்துக்கு ஒரு வடிவம்: பெருக்கல், வட்டம், கோடு. டெக் ரிகர்சல்ல, அதாவது லைட்டு, செட்டு வேலைக்கான ஒத்திகையில, வசனத்தை விட்டுட்டு, மாத்துறதை மட்டும் அஞ்சு தடவை ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பாருங்க.

அனுமதிக்கு, புத்தகத்துல பதிப்புரிமைப் பக்கத்துலயே யாருக்கு எழுதணும்னு போட்டிருக்கும். ஒத்திகைக்கு முன்னாடியே எழுதுங்க. எத்தனை ஷோ, ஹால்ல எத்தனை இருக்கை, டிக்கெட் விலை, எந்த ஊர், எந்தத் தேதி, தமிழாக்குறது யார், இதெல்லாம் முதல் கடிதத்துலயே இருக்கணும். மேடையேத்த அனுமதி வேற, மொழிபெயர்க்க அனுமதி வேற. ரெண்டையும் தனித்தனியா கேளுங்க. ஒளிப்பதிவு பண்ணி யூட்யூப்ல போடறதுன்னா அது மூணாவது.

ரெண்டாவது, நாலாவது நாடகங்கள்ல தற்கொலை வருது. டிக்கெட்லயும் வாசல் பலகையிலயும் அதை நேரா எழுதுங்க, பூசி மெழுகாதீங்க. கூடவே அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. உள்ள வரும்போது மட்டும் தெரியுற மாதிரி வைக்காம, வெளிய போற பக்கமும் ஒண்ணு வைங்க. அந்த நம்பர் தேவைப்படுறவங்க நாடகம் முடிஞ்சு திரும்பிப் போகும்போதுதான் அதைப் பார்ப்பாங்க.